வினையா, விலையா?

சாரத்திலிருந்து விழுகிறான் கட்டடத் தொழிலாளி. பனையிலிருந்து விழுகிறான் மரமேறி. தண்டுவடம் நசுங்குகிறது, உயிர் தப்புகிறது. மணமாகி ஓராண்டுகூட நிறையாத அந்த இளைஞனைப் பார்த்து ஊர் சொல்லுகிறது: "இனி இவனுக்கு ஏது பிள்ளை? எல்லாம் முன்வினை!"

முன்வினையாம்! முதுகெலும்பு முறிந்ததற்கும் முற்பிறப்புக்கும் முடிச்சுப் போடும் மேதைகளே, மருத்துவம் கூறுவதைச் சற்றே கேளுங்கள். தண்டுவடம் பழுதுற்ற ஆடவரிற் பெரும்பாலோரிடம் விந்தணு ஊறுவது நின்றுவிடுவதில்லை. எண்ணிக்கை இருக்கிறது, நீந்தும் வேகந்தான் குறைகிறது. வெளியேற்றும் நரம்புக் கட்டளை அறுந்துபோனதே தடை. பத்தாம் மார்பு முள்ளெலும்புக்கு மேலே காயம்பட்டவர்களிற் பெரும்பாலோர்க்கு, ஆண்குறியின் நுனியில் வைக்கும் அதிர்வுக் கருவியொன்றே போதும். அறுவை இல்லை, மயக்க மருந்தும் இல்லை. அது பயன்படாதபோது மலக்குடல் வழியே மின்தூண்டல். அதுவும் தவறினால்தான் விதையில் ஊசி. ஒற்றை அணுவை முட்டைக்குள் செலுத்திப் பிறந்த குழந்தைகளைப் பற்றிய செய்தி 1992-இலேயே உலகுக்கு எட்டிவிட்டது.

ஆனால், எளிய கருவியைக் காட்டாமலே நேரே ஊசிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நோயாளியை இழுக்கும் போக்கை மேலைநாட்டு மருத்துவ ஏடுகளே கண்டித்திருக்கின்றன. ஊசியில் இருக்கும் வருவாய் அதிர்வுக் கருவியில் ஏது?

கருவியை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஆறாம் முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயமுற்றவனுக்குத் தூண்டலின்போது இரத்த அழுத்தம் திடீரென ஏறும். உயிருக்கே ஊறு நேரலாம். முதன்முறை மருத்துவர் அருகிருந்து பார்த்தே ஆகவேண்டும். அதனாலன்றோ அரசு மருத்துவமனையின் வாயிலில் நின்று கேட்கிறோம்!

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பத்தாம் பிரிவு, இனப்பெருக்கம் பற்றிய தகவல் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது. இரண்டே ஆண்டில், 2018-இல், டில்லி அரசு ஐந்து இலட்ச ரூபாய்க் காப்பீட்டைப் பறைசாற்றியது. அதில் விலக்கிவைத்த பட்டியலைப் புரட்டுங்கள்: மகப்பேற்றுக் குறைக்கான மருத்துவம் அங்கே கிடக்கிறது! ஒரு கையால் உரிமை; மறு கையால் பூட்டு.

மக்கட்தொகை மலிந்த நாட்டில் இதுவும் ஒரு செலவா என்று முணுமுணுக்கிறார்கள் சிலர். 1952 முதல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஊர் ஊராக ஆள் அனுப்பிய அரசுக்கு, பிள்ளை வேண்டுமென்பவன் வீட்டுக்கு மட்டும் வழி தெரியவில்லையோ?

கோபுரம் கேட்கவில்லை நாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஓர் அதிர்வுக் கருவி, அதை இயக்கப் பயின்ற மருத்துவர் ஒருவர், காயமுற்றவன் வீடு திரும்பும் நாளில் அவன் கையிலும் அவன் துணைவியின் கையிலும் தமிழில் அச்சிட்ட தாள் ஒன்று. இவற்றைத் தர மறுப்பதற்கு என்ன காரணம் என்று ஆளவந்தார் சொல்லட்டும்.