அடுத்த கிளப் எது? வதந்தியைவிட சம்பளச் சீட்டுதான் முக்கியம்

ஆயர் ஈத்தாம் – காற்பந்துப் பருவம் முடியும் நேரம் வந்துவிட்டால் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் ஃபார்லிம், பாயா தெருபோங் வட்டாரத்து மாமாக் கடைகளிலும் ஒரே பேச்சுதான். அந்தத் தாக்குதல் ஆட்டக்காரர் அடுத்து எந்தக் கிளப்புக்குப் போகிறார்? இங்கிலாந்து நட்சத்திரங்களைப் பற்றி ஆரம்பிக்கும் பேச்சு, கொஞ்ச நேரத்தில் அரிஃப் ஐமான் வெளிநாடு போவாரா, பைசால் ஹலிம் சிலாங்கூரிலேயே இருப்பாரா, பினாங்கு அணிக்கு இந்த முறையாவது கோல் அடிக்க ஓர் ஆள் கிடைக்குமா என்று நம் ஊருக்கே திரும்பி விடுகிறது.

இப்படிப் பேசுவதில் தவறு எதுவும் இல்லை. காற்பந்து ரசிகர்களுக்கு ஆட்டம் இல்லாத வாரங்களில் இதுதான் ஆட்டம். ஆனால் வதந்தி எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் அந்தப் பக்கமே ஓடுகிறது என்று பார்த்தால் மலேசியக் காற்பந்தின் நிலைமை தெளிவாகத் தெரியும். ஒரு வீரரின் அடுத்த கிளப்பை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஒப்பந்தம் எப்போது முடிகிறது, சம்பளம் மாதா மாதம் வருகிறதா, தன் இடத்தில் ஆட வாய்ப்பு கிடைக்கிறதா. ஊர்ப் பாசத்துக்கு இடம் அதற்குப் பிறகுதான்.

ஒப்பந்தத்தின் பலம்

முதலில் ஒப்பந்தம். அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான பிஃபாவின் விதிப்படி ஓர் ஒப்பந்தம் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே இருக்கும்போதுதான் வீரர் வேறு கிளப்புடன் நேரடியாகப் பேசிக் கையெழுத்திட முடியும். அதற்கு முன்பு அவரை வாங்க விரும்பும் கிளப், இப்போதைய கிளப்பிடம்தான் போய்ப் பேச வேண்டும்.

2025-ல் உலகமே பார்த்த அலெக்சாண்டர் ஐசாக் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். நியூகாசல் அணியுடன் அவருக்கு 2028 வரை ஒப்பந்தம் இருந்தது. லிவர்பூல் முதலில் கொடுத்த விலையை நியூகாசல் மறுத்துவிட்டது. இனி அங்கு ஆட விருப்பமில்லை என்று வீரரே வெளிப்படையாகச் சொன்ன பிறகும் கிளப் அவசரப்படவில்லை. கடைசியில் செப்டம்பர் 1-ஆம் தேதி, 12 கோடியே 50 லட்சம் பவுண்டுக்குப் பேரம் முடிந்தது. பிரிட்டனில் அதுவரை எந்த வீரருக்கும் கொடுக்கப்படாத தொகை அது.

அதற்கு நேர்மாறானது கிலியான் எம்பாப்பே கதை. பாரிஸ் அணியுடன் தமக்கிருந்த ஒப்பந்தம் 2024 ஜூனில் முடியும்வரை அவர் காத்திருந்தார். பிறகு ரியால் மாட்ரிட்டில் சேர்ந்தார். பாரிஸ் அணிக்கு மாற்றுக் கட்டணமாக ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. இருவருமே உலகத் தரம் வாய்ந்த கோல் வேட்டையர்கள். ஒருவருக்கு மலைபோல் பணம், இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. வித்தியாசம் காகிதத்தில் இருந்த தேதி மட்டுமே. ஆகவே, அடுத்த முறை ஒரு வதந்தி காதில் விழுந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அவருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது என்பதுதான்.

இங்கிலாந்துக் கனவும் வேலை அனுமதியும்

நம் வீரர்களைப் பற்றிய வதந்திகளில் அடிக்கடி எழுவது ஐரோப்பா, அதிலும் இங்கிலாந்து. திறமை ஒரு புறம் இருக்கட்டும். இங்கிலாந்தில் ஆட வேலை அனுமதி வேண்டும். வீரரின் நாடு பிஃபா தரவரிசையில் எங்கே இருக்கிறது, நாட்டுக்காக எத்தனை ஆட்டம் ஆடினார், எந்த லீக்கில் ஆடுகிறார் என்றெல்லாம் அங்கு கணக்குப் பார்க்கிறார்கள். தரவரிசையில் 100-க்கும் கீழே இருக்கும் மலேசியாவிலிருந்து நேராக அங்கே போவது மிகக் கடினம்.

இந்தியாவின் சுனில் சேத்ரிக்கு நடந்ததே சாட்சி. 2009-ல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இந்தியா இல்லை என்பதால் வேலை அனுமதி கிடைக்கவில்லை. பின்னாளில் இந்தியாவுக்காக மிக அதிக கோல் அடித்தவர் என்று பெயர் எடுத்தவருக்கே இந்த நிலைமை.

சாஃபி சாலி எடுத்த முடிவு இந்த வகையில் புத்திசாலித்தனமானது. 2010 சுசுகி கிண்ணப் போட்டியில் 5 கோல் அடித்து முதலிடம் பிடித்தவர் அவர். புக்கிட் ஜாலிலில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் இரண்டு கோல், ஜகார்த்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கோல் என்று இந்தோனேசியாவை வீழ்த்தியதில் அவர் பங்கு பெரிது. அந்த வெற்றிக்குப் பிறகு அவர் எங்கே போவார் என்று நாடே பேசியது. அவர் தேர்ந்தெடுத்தது, தாம் தோற்கடித்த இந்தோனேசியாவின் பெலித்தா ஜெயா கிளப்பை. பக்கத்து நாடு, பழகிய மொழி, நிரம்பி வழியும் அரங்கங்கள், தம் இடத்தில் ஆட வாய்ப்பு. 2013-ல் அவர் நாடு திரும்பியபோது சேர்ந்தது ஜொகூர் டாருல் தாக்சிம் அணியில்.

எல்லாப் பாதையும் ஜொகூருக்கு

சாஃபி திரும்பி வந்த திசைதான் இன்றைய வதந்திகளின் திசையும்கூட. மலேசியாவில் ஒரு வீரர் நன்றாக ஆடத் தொடங்கினால், ஜேடிடி அவரை எடுக்கப் போகிறது என்ற பேச்சு தானாகவே கிளம்புகிறது. 2014 தொடங்கி 2024-25 பருவம் வரை சூப்பர் லீக்கைத் தொடர்ந்து 11 முறை வென்ற அணி அது. 2015-ல் ஏ.எஃப்.சி. கிண்ணத்தையும் வென்றது. நல்ல பயிற்சி மையம், நல்ல அரங்கம், ஆசிய அளவிலான ஆட்டங்கள் எல்லாம் அங்கே உண்டு. அதைவிட முக்கியம், சம்பளம் வருமா என்ற கவலை அங்கே இல்லை.

மற்ற மாநிலங்களின் நிலைமை என்ன? 2025-ல் நடந்ததை நினைத்துப் பார்த்தால் போதும். பினாங்கின் பக்கத்து மாநிலமான கெடாவின் அணிக்கு, சம்பள நிலுவைப் பிரச்சினையால் 2025-26 பருவத்துக்கான உரிமம் கிடைக்கவில்லை. பேராக் அணி லீக்கிலிருந்து விலகியது. அந்த ஆண்டு ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம்வரை வந்த ஸ்ரீ பகாங் அணியும் விலகிக்கொண்டது. வரலாறு உள்ள மூன்று அணிகள் ஒரே பருவத்தில் காணாமல் போயின.

அப்போது ‘அடுத்த கிளப் எது’ என்ற கேள்வி நட்சத்திரங்களைப் பற்றிய சுவையான பேச்சாக இருக்கவில்லை. வீட்டுக் கடன், கார் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று வாழும் எத்தனையோ வீரர்கள் ஒரே நேரத்தில் வேலை தேடும்படி ஆனது. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த வதந்தியிலும் வரவில்லை.

இரண்டு மாதச் சம்பளம் வராமல் போனால், கிளப்புக்கு எழுத்து மூலம் தெரிவித்துக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள பிஃபா விதி வீரருக்கு உரிமை தருகிறது. விதி இருக்கிறது. ஆனால் முறித்துக்கொண்டு எங்கே போவது? சம்பளம் கொடுக்கக்கூடிய கிளப்புகள் குறைந்துகொண்டே போகும் லீக்கில் அந்த உரிமையின் பலமும் குறைகிறது.

பினாங்கு ஏணியின் முதல் படி

பினாங்கு ரசிகர்களுக்கு இந்த வலி பழகியது. 2016 பிப்ரவரி 16-ஆம் தேதி, பகாங்குக்கு எதிராக பைஸ் சுப்ரி வளைத்து அடித்த ஃப்ரீகிக் கோலை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தக் கோல் 2017 ஜனவரியில் அவருக்குப் புஸ்காஸ் விருதைப் பெற்றுத் தந்தது. ஆசியாவிலிருந்து அந்த விருதை வென்ற முதல் வீரர் அவர். அந்த ஆண்டே பினாங்கு அணி சூப்பர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. 2020-ல் இரண்டாம் நிலை லீக்கை வென்று மேலே வந்து, 2021-ல் மூன்றாவது இடம் பிடித்தபோது ஊரே கொண்டாடியது. மறு ஆண்டு கடைசி இடம். ஒரு பருவம் நன்றாகப் போனால், அடுத்த பருவம் அதே ஆட்டக்காரர்கள் இருப்பார்களா என்று தெரியாத நிலைமை.

பைசால் ஹலிமின் பாதையும் இதைத்தான் காட்டுகிறது. பினாங்கில் தொடங்கியவர், பகாங், தெரெங்கானு என்று ஏறி சிலாங்கூருக்குப் போனார். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவுடன் 3-3 என்று சமன் கண்ட ஆட்டத்தில் அவர் அடித்த கோலை ஆசியாவே பாராட்டியது. அதே ஆண்டு மே மாதம் பெட்டாலிங் ஜெயாவில் அவர் மீது எரிதிராவகம் வீசப்பட்டது. கடுமையான காயங்களோடு பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு மீண்டும் களத்துக்கு வந்தார். ஓர் ஆட்டக்காரரின் உழைப்புக் காலம் எவ்வளவு குறுகியது, எவ்வளவு எளிதில் உடையக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சம்பாதிக்க வேண்டியவர், உறுதியான சம்பளம் இருக்கும் இடத்துக்குப் போனால் அதைத் துரோகம் என்று சொல்வது நியாயமில்லை.

ஒன்பதாம் எண் சட்டை யாருக்கு?

மூன்றாவது கேள்வி, ஆடும் வாய்ப்பு. இங்கேதான் நம் இளைஞர்களுக்குப் பெரிய பாதிப்பு. மலேசிய லீக்கில் 2009 முதல் 2011 வரை வெளிநாட்டு வீரர்களுக்கு இடமில்லை. அந்தக் காலத்தில் கோல் பட்டியலில் உள்ளூர் வீரர்களே முன்னணியில் இருந்தார்கள். 2011-ல் தெரெங்கானுவின் அப்துல் ஹாடி யாஹ்யா முதலிடம் பிடித்தார். அதே காலக்கட்டத்தில்தான் 2009 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கமும் 2010 சுசுகி கிண்ணமும் வந்தன. இரண்டுக்கும் பயிற்றுநர் கே. ராஜகோபால். அவரே ஒரு காலத்தில் சிலாங்கூரின் தாக்குதல் ஆட்டக்காரர். 2010 அணியில் எஸ். குணாளனும் கே. குருசாமியும் இருந்தார்கள்.

2012-ல் வெளிநாட்டு வீரர்கள் திரும்பினார்கள். 2021-ல் சிலாங்கூரின் இஃபெடாயோ 26 கோல், 2022-ல் ஜேடிடியின் பெர்க்சன் 29 கோல் என்று பட்டியலின் உச்சம் கைமாறியது. வெளிநாட்டு வீரர்கள் வந்தால் லீக்கின் தரம் உயரும் என்பதும் உண்மை. தடைதான் தீர்வு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கிளப்புகள் முதலில் வெளியிலிருந்து வாங்கும் இடம் கோல் அடிக்கும் இடம் என்பதால், உள்ளூர்ப் பையன் ஓரத்துக்கோ பின்வரிசைக்கோ தள்ளப்படுகிறான். பிறகு தேசிய அணிக்கு ஆள் இல்லை என்று வம்சாவளி வீரர்களைத் தேடுகிறோம். அந்தத் தேடல் 2025 செப்டம்பரில் ஏழு வீரர்களுக்கு பிஃபா தண்டனை விதிக்கும் அளவுக்குப் போனதை நாடறியும்.

இந்திய ஆட்டக்காரர்களுக்கு ஒரு கதவு இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணி, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்வரை வந்தது. 2022 பருவத்தோடு அதுவும் விலகிக்கொண்டது. அந்தக் கதவு மூடிய பிறகு, ஒரு தமிழ்ப்பள்ளி மாணவன் காற்பந்தைத் தொழிலாக நினைத்துப் பார்க்கும் வழி இன்னும் குறுகிவிட்டது.

பெற்றோரும் கிளப்புகளும் செய்யக்கூடியது

இதில் சாதாரண மக்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வீரர் கட்டணத்துக்கு நாடு விட்டு நாடு மாறும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காடு அவரை 12 வயது முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்கிறது பிஃபா விதி. 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்கு 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 விழுக்காடு. உதாரணமாக, 10 லட்சம் ரிங்கிட்டுக்கு ஒருவர் மாறினால், அவரை 16, 17 வயதுகளில் பயிற்றுவித்த சிறிய கிளப்புக்கு 10,000 ரிங்கிட் கிடைக்கும். திடலுக்கு விளக்கு போட, ஒரு வருடத்துக்குப் பந்தும் காலணியும் வாங்க அது உதவும்.

ஆனால் கிளப் முறைப்படி சங்கத்தில் இணைந்திருக்க வேண்டும். பையனின் பெயரும் அந்தந்த ஆண்டில் பதிவாகியிருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பெயர் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆடினால் மட்டும் போதாது. ஆயர் ஈத்தாமில் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: என் மகன் பெயர் பதிவாகியிருக்கிறதா? ஒப்பந்தம் என்று யாராவது தாளை நீட்டினால், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அரிஃப் ஐமான் எங்கே ஆடுவார், பைசால் ஹலிம் எங்கே இருப்பார் என்ற பேச்சு இந்தப் பருவமும் ஓயப் போவதில்லை. ஓயவும் வேண்டாம். அதே மேசையில், பினாங்கு அணியின் சம்பளக் கணக்கு சரியாக இருக்கிறதா, அதன் இளையோர் அணியில் ஒன்பதாம் எண் சட்டையை யார் போட்டிருக்கிறார் என்ற கேள்விகளும் எழட்டும். மாநிலத் தலைமையும் அணி நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் அவைதான்.