ஹந்தானைக்கு ஆல்ப்ஸ் சப்பாத்து எதுக்கு?

‘ட்ரெக்கிங் பூட்ஸ் கட்டாயம்.’ கண்டிப் பக்கத்து ஹைக் அறிவித்தல்களில் இந்த வரியை இப்ப அடிக்கடி காணலாம். போன தடவை இப்படியொன்று எங்கட பட்ச் குரூப்பில் வந்தபோது, பேர் குடுக்க இருந்தவர்களில் பாதிப் பேர் சத்தம் போடாமல் ஒதுங்கிவிட்டார்கள். ஒருத்தரும் காசில்லை என்று சொல்லவில்லை. அசைன்மென்ட் இருக்கு, காய்ச்சல் மாதிரி இருக்கு, வீட்டுக்குப் போகோணும் என்றுதான் காரணம் வந்தது. நல்ல பிராண்ட் பூட்ஸ் ஒரு சோடி வாங்க, மகாபொலக் காசைப் பல மாதம் தொடாமல் வைக்கவேணும். அது எல்லாருக்கும் தெரியும், அறிவித்தல் போட்டவருக்கும் தெரியும்.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பூட்ஸ் இந்த மலைக்குப் பொருத்தமா என்ற கேள்வியை ஆரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

பனியில சறுக்குற ஆக்களைப் பாருங்கோ. ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்குப் போனால் அவர்கள் ஸ்கீ பலகையையே மாற்றுவது பற்றி யோசிக்கிறார்கள். இறுகிப்போன, ஐஸ் மாதிரியான சரிவுக்கு விறைப்பான பலகை. அதன் விளிம்பு கடித்துப் பிடிக்கும். ஜப்பானின் ஹொக்கைடோவில் விழுகிற மாவு மாதிரிப் பனிக்கு அகலமான, கொஞ்சம் வளைந்து குடுக்கிற பலகை. ‘எது நல்ல பலகை’ என்று அவர்கள் முதலில் கேட்பதில்லை, ‘அங்க பனி எப்படி’ என்றுதான் கேட்பார்கள். நாங்கள் என்ன செய்கிறோம்? ஐரோப்பாக்காரன் யூடியூபில் போட்ட ரிவியூவைப் பார்த்துவிட்டு ஹந்தானைக்குச் சப்பாத்துத் தேடுகிறோம்.

விறைப்பான அடி ஏன் வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1935இல் இத்தாலியின் ரசீக்கா சிகரத்தில் புயலில் சிக்கி ஆறு பேர் செத்துப்போனார்கள். பாறை ஏறுவதற்கென்று மெல்லிய சப்பாத்துப் போட்டிருந்தார்கள், ஐஸ் பிடித்த பிறகு இறங்க முடியவில்லை. அந்தக் குழுவோடு போயிருந்த விட்டாலே பிரமானி 1937இல் கொண்டுவந்ததுதான் ஆழமான பள்ளம் வெட்டிய ரப்பர் அடி. அவருடைய பேரின் சுருக்கம்தான் விப்ரம், இன்றைக்குப் பூட்ஸ் அடியில் மஞ்சள் நிறத்தில் இருக்கிற அதே பேர். பிறகு பனியில் நடக்க இரும்பு முள்ளுச் சட்டம் பூட்டுவதற்காக, வளையாத அடி இன்னும் இறுகிக்கொண்டு போனது. எல்லாமே குளிருக்கும் ஐஸுக்கும் பிறந்த விடை.

எங்கட மலைக்கு ஐஸ் இல்லை. வேறு சாமான் இருக்கு.

ஹந்தானையில் முதலில் பைன் காடு. காய்ந்த ஊசியிலை மெத்தை மாதிரிக் கிடக்கும், மழையில்லாத நாளிலும் வழுக்கும். அதைத் தாண்டினால் மானாப்புல், தோள் உயரம், விளிம்பு கையைக் கீறும், கால் எங்க வைக்கிறோம் என்று தெரியாது. புல்லுக்குக் கீழே சிவப்புக் களிமண். ஒக்டோபர், நவம்பர் மழையில் அந்தக் களி சப்பாத்துப் பள்ளத்துக்குள் போய் இறுகினால், எவ்வளவு விலை குடுத்த அடியும் வழுவழுப்பான பலகைதான். பள்ளங்கள் நெருக்கமாக இருக்கிற அடி சீக்கிரம் அடைபடும். இடைவெளி விட்டு வெட்டியது நடக்க நடக்கத் தானாக மண்ணை உதறும். கடையில் அடியைத் திருப்பிப் பார்த்தாலே இது விளங்கும், ரிவியூ தேவையில்லை.

நக்கிள்ஸ் இன்னும் சிக்கல். சிங்களத்தில் தும்பறை என்று சொல்கிற இந்தத் தொடர் இரண்டு பருவ மழையையும் வாங்குகிறது. மேற்குப் பக்கம் நனைந்துகொண்டே இருக்கும், கிழக்குப் பக்கம் காய்ச்சல். ஒரே பயணத்தில் பாசி பிடித்த பாறை, ஓடை, பிட்டவல பத்தன மாதிரி மெல்லிய மண் மூடிய புல்வெளி எல்லாம் வரும். ஓடையில் இறங்காமல் போக வழியில்லாத இடங்கள் உண்டு. அங்கேதான் ‘வோட்டர்ப்ரூஃப்’ பூட்ஸ் தன் குணத்தைக் காட்டும். கணுக்காலுக்கு மேலால் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது. காலில் இரண்டு வாளி. அந்த மென்படலம் வேர்வையை வெளியேற்றுவது உள்ளே ஈரப்பதம் கூட, வெளியே குறைய என்ற வித்தியாசத்தை நம்பி. மழைக்கால நக்கிள்ஸில் வெளியேயும் ஈரம்தானே!

வியட்நாமில் அமெரிக்க இராணுவம் இதைப் படித்துக்கொண்டது. அவர்களுடைய காட்டுப் பூட்ஸில் மேல் பகுதி துணி, பக்கத்தில் தண்ணீர் ஓட இரண்டு துளை. நனையாமல் இருக்கவேணும் என்ற ஆசையை விட்டுவிட்டு, நனைந்தால் சீக்கிரம் காயவேணும் என்று யோசித்திருக்கிறார்கள். மலேசியாவில் அதைவிடச் சுலபம். ரப்பர் தோட்டத் தொழிலாளர் போட்ட, ஒரே அச்சில் வார்த்த, அடியில் குமிழ் வைத்த மலிவு ரப்பர் சப்பாத்து. ‘கம்போங் அடிடாஸ்’, அதாவது நாட்டுப்புற அடிடாஸ், என்று பகிடியாகப் பேர். காட்டு வழிகாட்டிகளும் அதைத்தான் போடுகிறார்கள்.

இன்னொரு சங்கதி, வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிற ஆக்களுக்கு. சுவிஸில் இருந்து மாமா அனுப்பிய பூட்ஸ் பெட்டிக்குள்ளேயே நாலைந்து வருஷம் இருந்தால், போட்ட அன்றைக்கே அடி கழன்று விழலாம். நடு அடியில் இருக்கிற பொலியூரித்தேன் ஈரக்காற்றில் மெல்ல மெல்ல உக்கிப்போகும், பாவிக்காமல் வைத்திருந்தாலும். வெளியில் பார்க்கப் புதுசு. மலைக்குக் கொண்டுபோக முதல் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கிழமை கம்பஸுக்குள் நடவுங்கோ.

இப்ப ஒருத்தர் கேட்பார்: அப்ப செருப்போட போகலாமா? சிவனொளிபாத மலை 2,243 மீற்றர், அம்மம்மாமார் வெறுங்காலோட ஏறுகினம், நக்கிள்ஸின் உயர்ந்த சிகரமே 2,000ஐத் தொடவில்லையே என்று. அங்கே படி இருக்கு ஐயா. தேயிலை மலையில் செருப்போடு கொழுந்து பறிக்கிற பெண்களைக் காட்டி, ‘அவங்களுக்கு ஏலுமென்றால் உனக்கு ஏன் ஏலாது’ என்பவர்களும் உண்டு. அந்தப் பேச்சு எனக்கு அறவே பிடிக்காது. அது அவர்கள் விரும்பி எடுத்த தெரிவு இல்லை. அந்தச் சரிவில் விழுகிறதும், அட்டை கடிக்கிறதும், கால் வெடிக்கிறதும் அவர்களுக்கு ஒவ்வொரு நாளும். அதைக் கதைக்கிறதென்றால் சம்பளத்தோடு சேர்த்துக் கதைக்கவேணும், எங்கட வார இறுதிச் சவாலுக்கு உதாரணமாக இல்லை.

செருப்பு வேண்டாம். என் கணக்கு இது: அடி வளையக்கூடிய, மென்மையான ரப்பர் உள்ள, துணியால் செய்த சாதாரண சப்பாத்து. நனைந்த பாறையில் மென்மையான அடி வளைந்து, பாறையோடு கூட ஒட்டும். விறைப்பான அடி ஒரு மூலையில் மட்டும் நிற்கும். பாரமான பை தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று நாள் போகிறவருக்கும், கணுக்கால் முன்பு சுளுக்கினவருக்கும் கொஞ்சம் விறைப்பு உதவும், மறுக்கவில்லை. ஆனால் காலையில் ஏறிப் பின்னேரம் இறங்குகிற ஹந்தானைக்கு? ஹந்தானையில் தொடங்கி கலஹா பக்கம் போகிற பீக்கோ பாதையின் முதல் பகுதிக்கு? தோட்ட வழி அது, அரைவாசி றோட்டு.

மிச்சப்படுகிற காசில் அட்டைக் காலுறை வாங்குங்கோ. நெருக்கமாக நெய்த துணி, முழங்கால் வரை, களிசானை உள்ளே விட்டுக் கட்டுவது. துணி இருந்தால் வீட்டிலேயே தைக்கலாம். சவர்க்காரத்தை வெளியே தேய்த்துவிட்டால் அட்டை ஏறத் தயங்கும். நக்கிள்ஸ் போய் வந்தவர்களைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்லுகிற கஷ்டம் அட்டைதான். அந்த அறிவித்தலில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

ஹைக் ஒழுங்குசெய்கிற அண்ணாமார், அக்காமாரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ‘பூட்ஸ் கட்டாயம்’ என்பதை எடுத்துவிட்டு, ‘அடி தேயாத சப்பாத்து, காலுறை இரண்டு சோடி’ என்று போடுங்கோ. பத்துச் சோடி அட்டைக் காலுறை தைத்துச் சங்கத்தில் பொதுவாக வைத்தால், இல்லாதவர் கேட்டு வாங்கலாம். ஏற முதல் எல்லாருடைய அடியையும் ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ, வழுவழு என்று தேய்ந்திருந்தால் அன்றைக்கு நிப்பாட்டுங்கோ. அந்தச் சப்பாத்து என்ன பிராண்ட் என்றாலும்.