டத்தோ, அந்தக் கடைசிப் பக்கம் எங்கே?

மதிப்புக்குரிய டத்தோ டாக்டர் அவர்களுக்கு,

இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றும் உங்கள் பெயருக்கே வந்தன. முதலாவது மின்னஞ்சல். இரண்டாவது பதிவுத் தபால். உங்கள் அலுவலகத்தில் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்ட ஒப்புகை அட்டை என்னிடம் இருக்கிறது. மூன்றாவதை நானே கொண்டுவந்தேன். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் நடந்து, காலை ஒன்பதரை மணியிலிருந்து மதியம் வரை உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். "டத்தோ மீட்டிங்கில் இருக்கிறார், கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார் அங்கிருந்த பெண். மரியாதையாகத்தான் சொன்னார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்கள் சர்வர்களில் ஓட்டை இன்னும் திறந்து கிடக்கிறது. பெயரைப் போட்டால் திருடனுக்கு வாசலைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். உள்ளே இருப்பவை எங்கள் வீட்டுப் பெரியவர்களின் நோய்கள்.

சட்டத்தைப் பற்றியும் எழுதப் போவதில்லை. 2024 ஆகஸ்ட்டில் மலேசியாவில் அமலுக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் 854 பற்றி நீங்களே ஒரு கருத்தரங்கில் விளக்கிப் பேசினீர்கள். நான் பின்வரிசையில் இருந்து கேட்டுக் கைதட்டினேன்.

உங்கள் கிளினிக்குகளின் சர்வர்கள் கிளவுடுக்கு மாறிய பிறகு, அங்கே ஒரு மெய்நிகர் ஸ்கேனரை அமைத்துத் தரக் கான்ட்ராக்டில் வந்தவன் நான். இந்தக் கடிதத்தை இப்போது வெளியாரும் படிக்கிறார்கள் என்பதால் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெட்டி கிடையாது, வயர் கிடையாது. கிளவுடில் ஒரு இமேஜைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் தயாராகிவிடும். மற்ற சர்வர்களின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது அதன் வேலை. எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்த மென்பொருள் பழசாகிவிட்டது, எதற்கு பேட்ச் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று எழுதித் தரும். படிப்பதற்கு மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கைக் கொடுத்தால் சர்வருக்குள்ளேயே போய்ப் பார்த்துவிட்டு வரும்.

ஆனால் போய்ச் சேர வழி வேண்டும். கிளவுடில் ஒவ்வொரு சர்வர் கூட்டத்தைச் சுற்றியும் ஒரு வேலி உண்டு. அந்த வேலியில் ஸ்கேனரை உள்ளே விடும்படி ஒரு விதி எழுதாவிட்டால், அது தட்டுவது உள்ளே யாருக்கும் கேட்காது. பதில் வராத சர்வரை 'ஆள் இல்லை' என்று குறித்துக்கொண்டு ஸ்கேனர் அடுத்ததற்குப் போய்விடும். பார்க்காத சர்வரில் எத்தனை ஓட்டை? பூஜ்யம். அறிக்கையில் பச்சை.

நீங்கள் மருத்துவர். ரத்தமே எடுக்காமல் சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது என்று எழுதித் தரும் லேப்பை என்ன செய்வீர்கள்?

முதல் ஸ்கேனை ஒரு ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு ஓட்டினோம். திங்கள் காலை அறிக்கை வந்தது. முன்பக்கம் முழுக்கப் பச்சை. கடைசிப் பக்கத்தில், பின்னிணைப்பாக, சின்ன எழுத்தில் பதில் தராத சர்வர்களின் பட்டியல். நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் டேட்டாபேஸ் சர்வர்கள் அத்தனையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஸ்கேனர் உண்மையில் பார்த்தது உங்கள் வெப்சைட்டையும், ஊழியர்கள் லீவு போடும் சர்வரையும், இன்னும் இரண்டு மூன்றையும்தான்.

வேலியில் வழி திறப்பது பத்து நிமிட வேலை. ஒரே ஒரு விதி. நோயாளிகளின் தரவு சம்பந்தப்பட்டது என்பதால் அந்தப் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நியாயம்தான், நானும் ஒத்துக்கொண்டேன். பிப்ரவரியில் படிவம் உங்கள் மேசைக்கு வந்தது. செப்டம்பரில் என் கான்ட்ராக்ட் முடிந்து நான் கிளம்பியபோதும் அங்கேயேதான் இருந்தது. ஏழு மாதம்.

அதே பிப்ரவரியில், வாரியக் கூட்டத்துக்குப் போன அந்தப் பச்சை அறிக்கையில் நீங்கள் கையெழுத்திட்டீர்கள். வந்த அன்றைக்கே. வாரியத்துக்குப் போய்த் திரும்பிய கோப்பை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கம் இல்லை. ஸ்டேப்ளர் பின்னுக்கு அடியில், கிழித்த தாளின் ஒரு சின்ன முக்கோணத் துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

யார் கிழித்தார்கள் என்று என் மூன்று கடிதங்களிலும் நான் கேட்கவில்லை. கிழித்த பிறகாவது வழியைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்டேன்.

இன்னொன்றும் அந்தக் கடிதங்களில் இருந்தது. ஐடி பிரிவு எனக்குத் தந்த சர்வர் பட்டியல் ஓர் எக்செல் தாள், ஒரு வருடப் பழசு. கிளவுடில் ஒரு சர்வரை மதியம் உருவாக்கி மாலையில் அழித்துவிடலாம். பழைய தாளை வைத்துக்கொண்டு எதைத் தேடுவது? அதனால் மாதாந்தரப் பில்லை வாங்கிப் பார்த்தேன். காசு போகும் இடம் பொய் சொல்லாது. பட்டியலில் இல்லாத ஒரு சர்வர் பில்லில் இருந்தது. கோவிட் காலத்தில் ஏதோ சோதனைக்காக நோயாளிகளின் பதிவுகளை அப்படியே நகலெடுத்துப் போட்டிருக்கிறார்கள். சோதனை முடிந்தது, போட்டவர் வேலையை விட்டுப் போனார், சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது. மாதாமாதம் நீங்கள் அதற்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். பேட்ச் மட்டும் யாரும் போடவில்லை.

அந்த நகலில் என் அம்மாவும் இருக்கிறார்.

அம்மா தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பல வருடம் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடு, அதாவது அடையாள அட்டையோடு, அலைந்தவர். குடிமக்களுக்கான நீல ஐசி கைக்கு வந்த அன்று அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அந்த 12 எண்களில் அவர் பிறந்த தேதி இருக்கிறது, பிறந்த மாநிலம் இருக்கிறது, பெண் என்பதும் இருக்கிறது. பாஸ்வர்டு மாதிரி அதை மாற்றிக்கொள்ள முடியாது. உங்கள் கிளினிக் கவுண்டரில் கேட்டவுடன் எடுத்து நீட்டினார். டாக்டர் இடம், பத்திரமாக இருக்கும் என்று.

ஜூன் மாதம் ஒருநாள் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசியவன் அம்மாவின் முழுப் பெயரைச் சொன்னான், ஐசி எண்ணைச் சொன்னான், சர்க்கரைக்கு எந்த மாத்திரை சாப்பிடுகிறார், கண் பரிசோதனைக்கு எந்தத் தேதியில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னான். பிறகு, உங்கள் பேரில் போலீஸ் கேஸ் இருக்கிறது, வங்கிக்குப் போய் நான் சொல்கிறபடி பணத்தை மாற்றுங்கள் என்றான். மக்காவ் ஸ்கேம் என்கிற இந்தப் போன் மோசடி பற்றி நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் மாத்திரையின் பெயரைச் சொல்கிறவன் எப்படித் திருடனாக இருப்பான் என்றுதான் அம்மா நினைத்தார். புடவை மாற்றிக்கொண்டு வாசல்வரை வந்தவரைப் பக்கத்து வீட்டு அக்கா நிறுத்தி எனக்குப் போன் போட்டார். பணம் தப்பியது. அன்றிலிருந்து தெரியாத எண்ணிலிருந்து வரும் எந்த அழைப்பையும் அம்மா எடுப்பதில்லை. உங்கள் கிளினிக் தேதி மாற்றச் சொல்லி அழைத்ததையும் எடுக்கவில்லை. கண் பரிசோதனை தள்ளிப் போய்விட்டது.

அந்த விவரம் உங்கள் சர்வரிலிருந்துதான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அங்கிருந்து போகவில்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது. ஏனென்றால் அங்கே யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கான வழியில் உங்கள் கையெழுத்து இல்லை.

உங்கள் மேலாளர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "எல்லாருடைய ஐசியும் எப்போதோ வெளியே போயாச்சு. இனிப் புதிதாக என்ன போகப் போகிறது?" 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியானதை மனத்தில் வைத்துச் சொன்னார். அடுத்த ஜனவரியில், இறந்த பிறகு தங்கள் உறுப்புகளைக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுத்த 2 லட்சத்து 20 ஆயிரம் பேரின் விவரமும் வெளியே வந்தது. கண்ணையும் சிறுநீரகத்தையும் கொடுக்க முன்வந்தவர்களின் பெயரையும் ஐசியையும் நம்மால் காப்பாற்ற முடியவில்லை. ஒரு முறை போனது என்பதற்காக மறுமுறை போகலாமா? போன் எண்ணை மாற்றலாம். 2025 மார்ச்சில் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் இணையத் தாக்குதலால் விமான நேரம் காட்டும் திரைகள் நின்றபோது வெள்ளைப் பலகையில் கையால் எழுதிச் சமாளித்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்தது, ஒரு பையனுக்கு மனநோய்க்கு மருந்து கொடுத்தது, ஒரு கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் காசநோய் இருந்தது. இவை வெளியே போனால் எந்தப் பலகையில் எழுதிச் சமாளிப்பீர்கள்?

அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தைப் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் ஓட்டை இருப்பதாக எச்சரிக்கை வந்தது. அவர்களிடமும் ஸ்கேனர் இருந்தது, ஓட்டினார்கள். ஓட்டை இருந்த உள் ஃபோல்டர் வரை அது போகவில்லை. ஒன்றுமில்லை என்று வந்த அறிக்கையை நம்பினார்கள். மே மாதம் நுழைந்தவர்களை ஜூலைக் கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் போய்விட்டது. பதவி விலகிய தலைவர் ரிச்சர்ட் ஸ்மித், நாடாளுமன்றக் குழுவின் முன்னால், தனியொரு ஊழியர் தகவலைச் சொல்லாமல் விட்டதைக் காரணமாகச் சொன்னார்.

உங்கள் இடத்தில் அப்படியொரு நாள் வந்தால் அந்தத் தனியொரு ஊழியர் யாராக இருப்பார் என்று எனக்குத் தெரியும். ஐடி பிரிவில் இரவு வேலை பார்க்கும் அந்தப் பையன். படிவத்துக்குக் கையெழுத்து கேட்டு ஆறு முறை நினைவூட்டியவன். போன வருடம்தான் கல்யாணம் ஆனது. அவன் தலையில் இதைக் கட்டுவதற்கு நான் விடமாட்டேன். அதற்காகவே ஒவ்வொரு தேதியையும் குறித்து வைத்திருக்கிறேன்.

உங்களிடம் புது இயந்திரம் வாங்கச் சொல்லவில்லை. ஸ்கேனர் ஏற்கெனவே இருக்கிறது, பணமும் கட்டியாகிவிட்டது. படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். அந்த அநாதைச் சர்வரை மூடுங்கள். வாரியத்திடம், நாங்கள் பார்க்காததைப் பார்த்தோம் என்று சொல்லிவிட்டோம் என ஒப்புக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு அந்த ஜூன் மாதம் கஷ்டமாக இருந்தது.

நான் அமைத்த நேர அட்டவணையை யாரும் மாற்றாதிருந்தால், வருகிற ஞாயிறு இரவு இரண்டு மணிக்கும் ஸ்கேன் தொடங்கும். திங்கள் காலை அறிக்கை உங்கள் மேசைக்கு வரும். முன்பக்கம் பச்சையாக இருக்கும். அதைத் திருப்பிப் போட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தை யாரும் கிழிப்பதற்கு முன்னால் நீங்களே எடுத்துப் படியுங்கள்.

உங்கள் நோயாளி ஒருவரின் மகன்,
கிள்ளான்