கேமரா யார் கையில்?

என் அக்கா மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து 'எங்கள் ஊர்' என்று ஒரு வீடியோ தயாரித்து வரச் சொன்னாராம் ஆசிரியை. நல்ல காரியம்தான். படத்தையும் எழுத்தையும் கொடுத்தால் பாட்டும் சேர்த்து ஒட்டித் தைத்து இரண்டு நிமிடப் படமாக்கித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. செய்து கொண்டுபோனார்கள். நானும் பார்த்தேன். கோயில், ஏரி, பஸ் ஸ்டாப்பு, பஞ்சாயத்து ஆபீஸ், பால் சொசைட்டி, மறுபடியும் கோயில். அத்தோடு ஊர் முடிந்துவிட்டது. காலனி இல்லை. இத்தனைக்கும் அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் காலனிப் பிள்ளைகள்.

"நீ என்னாம்மா பண்ண?"

"சார்ட்டு புடிச்சேன் மாமா."

செல்போன் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் இயக்குநர், அவன் போகிற தெருதான் ஊர். இதில் யாரும் வேண்டுமென்று சாதி பார்த்ததாகச் சொல்ல முடியாது. பார்க்கவே வேண்டியதில்லை, தானாக நடந்துவிடுகிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொல்கிறது. உட்காருவதற்கே வரிசை தேவைப்படுகிற நாட்டில், வீடியோ எடுக்க மட்டும் 'பிரெண்ட்ஸா சேந்துக்கோங்க' என்று விட்டால் என்ன ஆகும்? தெருத் தெருவாகத்தான் சேர்வார்கள்.

நம் தோழர்களில் ஒரு சாரார் இதெல்லாம் பன்னாட்டுக் கம்பெனி பொம்மை, தூக்கி எறி என்கிறார்கள். இன்னொரு சாரார், தொழில்நுட்பம் வந்தால் சாதி தன்னால் போய்விடும் என்று ரயில் வந்த காலத்திலிருந்து சொல்லி வருகிறவர்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியபோதும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தபோதும், அச்சு இயந்திரம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று ஒதுங்கிப் போகவில்லை. அதில் எதை அச்சடிப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள்.

அவளை விடவில்லை நான். அக்கா போனை வாங்கிக் கொடுத்து, நீயே தனியா ஒண்ணு எடு என்றேன். காலனித் தண்ணித் தொட்டி, குடம் வரிசை, அந்தக் காலத்தில் ஊர்க் கிணற்றருகே போய் யாராவது ஊற்றுவார்களா என்று நின்ற கதையைச் சொல்கிற எங்கள் ஆயா. பின்னணியில் அவளே பேசியிருந்தாள். பள்ளியில் காட்டியதும், "படம் நல்லாருக்கு, பேச்சுதான் சரியில்ல. கம்ப்யூட்டர் குரலையே போட்டுடு" என்றிருக்கிறார் ஆசிரியை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்தக் குரலை நான் கேட்டேன். வழவழவென்று, எந்த ஊரும் இல்லாத தமிழ். ஊர் இல்லை என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். எங்கள் ஆயாவின் தெரு அதில் இல்லை என்பது மட்டும் நிச்சயம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அதன் மொழியைக் கொச்சை என்றவர்கள் உண்டு. இன்று அது கல்லூரிப் பாடம். அச்சில் முப்பது வருடம் முன்னால் அடித்துப் பிடித்து வாங்கிய இடத்தை, வகுப்பறை வீடியோவில் ஒரு பொத்தானை அழுத்திப் பறிகொடுக்கப் போகிறோமா?

இன்னொன்று. வங்கியில் உட்கார்ந்திருக்கிறவன் என்பதால் இந்தப் புத்தி போகாது: அடுத்தவன் பெட்டகத்தில் வைப்பதற்கு ரசீது உண்டா? வசனத்தைத் தட்டச்சு செய்தால் பொம்மைகள் பேசி நடிக்கும் எக்ஸ்ட்ராநார்மல் என்ற தளத்தைப் பல நாட்டு ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தினார்கள். 2013இல் மூடிவிட்டார்கள். யூடியூப் தன் இணைய எடிட்டரை 2017இல் எடுத்துவிட்டது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் நடுவே ஆடிப் பாடிக் காட்டிய நம் சனங்களின் பக்கங்களும் அத்தோடு போயின. ஆகவே தளத்திலேயே விட்டு வைக்காதீர்கள். பள்ளிக் கணினியில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி. குழந்தைகள் முகம் தெரிகிற படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் பொதுவில் ஏற்றவும் கூடாது.

ஆசிரியத் தோழர்களுக்கும், மாலை வகுப்பு நடத்துகிற மாணவத் தோழர்களுக்கும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குழுவை நீங்கள் பிரியுங்கள். போன் யாருடையதாக இருந்தாலும் ஐந்து பேரும் ஆளுக்கொரு நாள் பிடிக்கட்டும். படம் எடுக்கும் முன் ஊரின் வரைபடத்தைக் கரும்பலகையில் போடச் சொல்லுங்கள், எந்தத் தெரு விடுபடுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பேசுவது பிள்ளைகளாகவே இருக்கட்டும்.

அவள் குரலை மாற்றவில்லை. மதிப்பெண் குறைத்தார்களா என்று கேட்டேன், தெரியாது என்றாள். அடுத்து சுடுகாட்டுப் பாதையை எடுக்க வேண்டுமாம், மழைக்காலத்திற்குள். அக்கா போனில் இடமில்லை. என் போனைக் கொடுத்தேன். அதிலும் இடமில்லை. நான் கவிதை வாசித்த நாலு வீடியோவை, கேட்காமலே அழித்துவிட்டாள்.