மாடு சினை நிக்கலைன்னா மஞ்சள் மட்டும் போதுமா?

“நாலு தடவை ஊசி போட்டாச்சு, இன்னும் சினை நிக்கலே.” கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. ஒவ்வொரு முறை தவறும்போதும் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாள்களுக்கும் தீவனச் செலவு உண்டு. கன்று தள்ளிப்போகும், அடுத்த ஈத்துப் பாலும் தள்ளிப்போகும்.

காரணங்கள் பல. பருவம் தப்பிப் போட்ட ஊசி, தாது உப்புக் குறைவு, கருப்பையில் தொற்று. சட்டென்று யாரும் சந்தேகப்படாத ஒன்றும் உண்டு: கொட்டகை மூலையில் கிடக்கும் தீவன மூட்டை.

ஈரம் பட்ட மக்காச்சோளத்தில் பியூசேரியம் என்ற பூஞ்சை வளரும். அது உண்டாக்கும் நஞ்சின் பெயர் ஜியரலினோன். பெண்மைக்கான ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும். உடம்பு ஏமாந்துவிடும். பருவம் முறை தவறும். கன்றே ஈனாத கிடேரிக்கு மடி பருக்கும். பன்றிகளுக்குத்தான் பாதிப்பு மிக அதிகம். மாடு ஓரளவு தாங்கும் என்றாலும், அசையிரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் இந்த நஞ்சில் ஒரு பகுதியை இன்னும் வீரியமான ஹார்மோன் போலியாக மாற்றிவிடுகின்றன.

இது ஒரு வழி. இரண்டாவது வழி ஆக்சிஜனேற்ற அழுத்தம். இந்த நஞ்சும், கடலைப் புண்ணாக்கில் வரும் அஃப்ளாடாக்சினும் செல்லுக்குள் வினைத்துடிப்பு மிக்க மூலக்கூறுகளைப் பெருக்கி, கருமுட்டையையும் அதைச் சுற்றியுள்ள செல்களையும் அரிக்கின்றன. மூலிகைக்கு வேலை இருப்பது இங்கேதான். மஞ்சளில் உள்ள குர்குமின் இந்த அரிப்பைக் குறைப்பதை எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் பார்த்திருக்கிறார்கள். பொய்யில்லை.

ஆனால், அரிப்பைத் தடுக்கும் மஞ்சள் அந்த ஹார்மோன் வேஷத்தைக் கலைத்துவிடும் என்று நம்ப இடமில்லை. பிரித்தெடுத்த குர்குமினை எடை பார்த்து எலிக்குக் கொடுப்பது வேறு, 400 கிலோ மாட்டுக்கு ஒரு கைப்பிடி மஞ்சள்தூள் கொடுப்பது வேறு. குடலில் குர்குமின் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. அதற்கு முன்பே அசையிரைப்பை நுண்ணுயிர்கள் வேறு அதில் கைவைத்துவிடும்.

சினை நிற்காத மாட்டுக்கு முள்ளங்கி, கற்றாழை, முருங்கை இலை, பிரண்டை, மஞ்சள் சேர்த்த கறிவேப்பிலை என்று வரிசையாகக் கொடுக்கும் முறையை தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமே பரப்பிவருகிறது. செலவு குறைவு, கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. அதைப் பூஞ்சை நஞ்சுக்கு முறிமருந்து என்று நினைத்து, அதே மூட்டையைத் தொடர்ந்து போடுவதுதான் தப்பு. ‘செடிதானே, என்ன செஞ்சிடும்’ என்பதும் சரியல்ல. 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகள் கூட்டம் கூட்டமாக மலடானதற்கு, அவை மேய்ந்த ஒருவகைத் தீவனப் பயிரில் இருந்த ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள்களே காரணம்.

முதல் வேலை மூட்டையைப் பார்ப்பது. கட்டிதட்டியிருந்தாலோ, பூசண வாடை வந்தாலோ கறவைக்கும் கிடேரிக்கும் போடக் கூடாது. மறுபடி வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் உருவான நஞ்சு போகாது. புதிதாக வாங்கும் சோளத்தை நன்றாக உலர்த்தி, தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும். தீவனத்தை மாற்றியும் இரண்டு பருவம் தவறினால், கால்நடை மருத்துவரிடம் கருப்பையைச் சோதித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் விவசாயி தலையிலேயே விழுவது நியாயமில்லை. பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இங்கே வரம்பு உண்டு. அந்தப் பாலைத் தரும் மாட்டுக்குச் சந்தையில் சில்லறையாக வாங்கும் சோளத்தையும் புண்ணாக்கையும் யார் சோதிக்கிறார்கள்? பாலின் கொழுப்பை நொடியில் அளந்து விலை போடும் சொசைட்டியில், ஒரு பிடி தீவனத்தைக் கொடுத்துச் சோதிக்கவும் வசதி செய்து தரலாம்.