மலையேறாத திருப்பதி

சித்தூரிலிருந்து வேலூர் நாற்பது கிலோமீட்டருக்குள். பெண் கொடுப்பதும் எடுப்பதும், வைத்தியத்துக்குப் போவதும், கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பதும் அந்தச் சாலையில்தான். ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் காலண்டரும் வேறாகிவிடும். வேலூரில் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு புத்தாண்டு வரை லீவு. இங்கே மிஷனரி பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வாரம் போலக் கிறிஸ்துமஸ் விடுமுறை கிடைக்கும். மற்ற பள்ளிகளுக்கு 25-ஆம் தேதி ஒரு நாள்தான். அவர்களுக்கு நீண்ட லீவு சங்கராந்திக்கு வரும். அதற்குள் வேலூர்ப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிப் போயிருப்பார்கள்.

ஆக, மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை எல்லோரும் ஒன்றாக வெளியே போக வேண்டுமென்றால் கையில் இருப்பது கிறிஸ்துமஸ் அன்றும், அதை ஒட்டி வரும் சனி, ஞாயிறும்தான். இத்தனை குறைந்த நாளை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று கேட்டால், எங்கள் பக்கத்து வீடுகளில் யோசிக்காமல் வரும் பதில் ஒன்று: "திருப்பதி போயிட்டு வந்துடலாம்."

நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் மேலே போகாதீர்கள். அந்த வாரத்தில் மலையைப் பக்தர்களுக்கு விட்டுவிட்டு, பிள்ளைகளோடு அடிவாரத்திலேயே நின்றுவிடுங்கள்.

காரணம் மார்கழி. டிசம்பர் பாதியில் தனுர் மாதம் பிறக்கிறது. வைகுண்ட ஏகாதசி டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் எந்த நாளிலும் வரலாம். 2020-ல் சரியாகக் கிறிஸ்துமஸ் அன்றே வந்தது. 2023-ல் டிசம்பர் 23. 2025-ல் இரண்டு முறை வந்தது: ஜனவரி 10, டிசம்பர் 30. சொர்க்கவாசலை இப்போது பத்து நாள் திறந்து வைக்கிறார்கள். அந்த நாட்களில் கைக்குழந்தைக்காரர்கள், முதியவர்கள் ஆகியோருக்கு உள்ள தனிச் சலுகைகளைத் தேவஸ்தானம் நிறுத்தி வைப்பதும் வழக்கம். 2025 ஜனவரி 8 அன்று, தரிசன டோக்கன் வாங்கக் கீழே திருப்பதி நகரில் கூடிய கூட்டத்திலேயே நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். பெரியவர்களே தள்ளாடும் கூட்டம் அது. அதற்குள் இடுப்புயரம்கூட இல்லாத பிள்ளையைக் கூட்டிப் போனால், அது பார்ப்பது முன்னால் நிற்பவரின் முதுகை மட்டும்தான்.

இதைச் சொன்னதும் எங்கள் வேலூர் அத்தை விடவில்லை. "ஏம்பா, திருப்பதி வரைக்கும் போயிட்டு மேல போகாம திரும்பறதா? நாலு பேர் கேட்டா என்ன சொல்றது?"

"பெருமாள் கோவிச்சுக்க மாட்டார் அத்தே. பிப்ரவரியில நீங்களும் நானும் மட்டும் போய் நிதானமா பார்த்துட்டு வருவோம்."

அத்தையின் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. வீட்டில் ஒரு பெரியவர் மனக்குறையோடு வண்டி ஏறினால் அந்தப் பயணம் யாருக்கும் ருசிக்காது. நல்லவேளை, கீழேயும் கோயில்கள் இருக்கின்றன. திருச்சானூரில் தாயார், ஊர் நடுவில் கோவிந்தராஜர். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இவற்றை எல்லாம்விட நான் சொல்வது கபிலதீர்த்தம். அலிபிரி போகும் வழியில், மலைச் சரிவு முடிகிற இடத்தில் இருக்கும் சிவன் கோயில். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில், டிசம்பரிலும் பாறை மேலிருந்து குளத்துக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். பெரியவர்களுக்குச் சாமி, சின்னவர்களுக்கு அருவி. விடியற்காலையில் போய்விட்டால் ஒரு மணி நேரத்தில் இரண்டும் முடியும். பலத்த மழை பெய்த மறுநாள் மட்டும் இந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

அங்கிருந்து கிட்டத்திலேயே வட்டார அறிவியல் மையம். 1993-லிருந்து இருக்கிறது. மலைக்குப் போகும் பேருந்துகளில் லட்சக்கணக்கானோர் அந்தப் பக்கமாகவே போய்வருகிறார்கள். உள்ளே நுழைந்து பார்த்தவர்கள் நம் உறவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கோயிலில் "தொடாதே, ஓடாதே, சத்தம் போடாதே" என்று கேட்டுக்கொண்டே வந்த பிள்ளைக்கு, இங்கே தொட்டுப் பார்த்தால்தான் விஷயமே புரியும். சக்கரத்தைச் சுற்றலாம், கண்ணாடி முன் நின்று தன் உருவம் நீள்வதையும் குறுகுவதையும் பார்க்கலாம், கோளரங்கத்தில் அண்ணாந்து உட்காரலாம். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் என்றால் அரைநாள் போவது தெரியாது.

மூன்று நான்கு வயதுக்காரர்கள் கூட இருந்தால் அறிவியல் மையத்தை விட்டுவிட்டு வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்காவுக்குப் போங்கள். 1987-ல் திறந்தது, சேஷாசல மலையடிவாரத்தில் 5,532 ஏக்கர். ஆசியாவின் பெரிய பூங்காக்களில் ஒன்று என்று பெருமை பேசுவார்கள். குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்தப் பெருமையே பெரிய சிக்கல். முழுவதும் பார்த்துவிட வேண்டுமென்று நடக்க ஆரம்பித்தால், பாதி வழியில் பிள்ளை தோளில் ஏறிவிடும். அப்புறம் புலியும் கிடையாது, மயிலும் கிடையாது. நாலைந்து விலங்குகளை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். அப்போதுதான் விலங்குகளும் விழிப்பாக இருக்கும். உச்சிவெயில் ஏறினால் அவை மரநிழலில் படுத்துவிடும், நம் வீட்டுப் பிள்ளைகள் தூங்கி வழியும். வார விடுமுறை நாள் எது என்று கிளம்புமுன் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

இந்தப் பூங்காவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நம் புராண இதிகாசங்களில் வரும் விலங்குகளை மனதில் வைத்துத் திட்டமிட்ட பூங்கா இது. இங்கேதான் அத்தைக்கு வேலை வைத்தேன். ஒவ்வொரு கூண்டின் முன்னாலும், "இது யாருக்கு வாகனம்? எந்தக் கதையில வரும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அத்தை சொல்வார். சிங்கத்துக்குத் துர்க்கை, மயிலுக்கு முருகன் என்று போய், கரடி வந்ததும் ஜாம்பவான் கதை முழுதாக வந்தது. மேலே போகாத வருத்தத்தை அத்தை அங்கே மறந்தாரா என்று கேட்டால், மறந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கிளம்பலாம் என்று நான் சொன்னபோது, "இன்னும் நரி பாக்கி இருக்கே" என்றவர் அவர்தான்.

மாலைக்குச் சந்திரகிரி. திருப்பதியிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது இந்தக் கோட்டை. விஜயநகர அரசின் கடைசிக்காலத் தலைநகரங்களில் ஒன்று. 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் நிலம் கிடைத்த கதையில் இந்த ஊர் ராஜாவின் பெயரும் வரும். சென்னையிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளை இருந்தால் அதனிடம் சொல்லுங்கள், நிமிர்ந்து பார்க்கும். சரித்திரப் பாடம் அதற்கு மேல் வேண்டாம். மூன்று அடுக்கு ராஜமகாலைக் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, மரமே இல்லாமல் எழுப்பியிருக்கிறார்கள் என்பார்கள். "எங்கேயாவது ஒரு மரத்துண்டு இருக்கா, கண்டுபிடி" என்று அனுப்பிவிட்டால் போதும். அருங்காட்சியகம் தொல்லியல் துறையினுடையது. வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

இத்தனையையும் ஒரே நாளில் அடைத்துவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டால், அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிடுங்கள்; திட்டம் போடவிடாதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் சாப்பாடும் தூக்கமும். குடும்பத்திலேயே சின்னப் பிள்ளை எதுவோ, அதன் பொறுமைதான் அன்றைய அளவு. டிசம்பர் கடைசியில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும், பனியும் இறங்கும். சித்தூர் எழுபது கிலோமீட்டர். ஐந்தரைக்கே வண்டியைத் திருப்புவது நல்லது.

இன்னொரு நாள் கிடைப்பவர்களுக்கு இரண்டு திசைகள் உண்டு. ஒன்று தலக்கோனா. ஆந்திராவிலேயே உயரமான அருவி, 270 அடி. காட்டுக்குள் மரக்கிளைகளின் உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட நடைபாலமும் இருக்கிறது. மழைக்காலம் முடிகிற நேரமாதலால் தண்ணீர் இருக்கும். வரத்து அதிகமானால் குளிக்க விடமாட்டார்கள். குரங்குகள் அதிகம், ஆகவே தின்பண்டப் பை பெரியவர் தோளில்தான் இருக்க வேண்டும்.

மற்றொன்று கிழக்கே, கடல் பக்கம். ஸ்ரீஹரிகோட்டா இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருப்பது நம்மில் பலருக்கு இன்னும் மனதில் பதியவில்லை. 2022-ல் மாவட்டம் பிரிந்தபோது சூளூர்ப்பேட்டைப் பக்கமும் இதோடு சேர்ந்தது. 2019 முதல் அங்கே பொதுமக்கள் உட்கார்ந்து ராக்கெட் பார்க்கக் காட்சிமாடம் இருக்கிறது. சுமார் ஐயாயிரம் பேர் உட்காரலாம். ராக்கெட்டும் விடுமுறையும் சில வருடம் சேர்ந்தே வரும். எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் 2024 புத்தாண்டு அன்று காலையில் கிளம்பியது. அதே வருடம் டிசம்பர் 30 இரவு பத்து மணிக்கு ஸ்பேடெக்ஸ். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒத்திவைப்பும் சகஜம்: 2024 டிசம்பர் 4-ஆம் தேதி கிளம்ப வேண்டிய ராக்கெட்டைக் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்தி மறுநாள்தான் ஏவினார்கள். அப்படி ஆனாலும் நாள் வீணாகாது. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையே பழவேற்காடு ஏரியின் குறுக்கேதான் போகிறது. இந்தப் பருவத்தில் இருபக்கத் தண்ணீரிலும் பூநாரைகள் நிற்கும். பக்கத்தில் நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். ராக்கெட் தள்ளிப்போகலாம், பறவை தள்ளிப்போகாது.

இவ்வளவு சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நள்ளிரவு ஆராதனை, விடியற்காலை ஆராதனை என்று தூக்கம் கெட்ட பிள்ளைகளை 25 அன்று எங்கும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்களுக்கு வெளியூர் 26-க்கு அப்புறம்தான். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கோ 24 சாயங்காலம் உள்ளூரிலேயே பெரிய வெளியூர் காத்திருக்கிறது. சித்தூரின் கிறிஸ்துமஸுக்கு வயது அதிகம். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனின் ஆரம்பகால நிலையங்கள் வேலூர், சித்தூர், ஆரணி. 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரமே சித்தூர்தான். அதனால்தான் இன்றும் இங்கே கேரல் பாட்டு ஒரு தெருவில் தமிழில் கேட்கும், அடுத்த தெருவில் தெலுங்கில் கேட்கும். நட்சத்திரம் தொங்கும் வீடுகளை எண்ணிக்கொண்டே நடந்து, தேவாலயத்தில் குடிலைப் பார்த்து, தெரிந்தவர் வீட்டில் கேக்கும் அச்சுமுறுக்கும் வாங்கித் தின்று வந்தால் பிள்ளைகளுக்கு அது போதும். பெட்ரோலும் செலவில்லை.

செலவு என்றதும் பேருந்து. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசுப் பேருந்துகளில், எக்ஸ்பிரஸ் வரைக்கும், இந்த மாநிலப் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்மா, சித்தி, பாட்டி, பெண் பிள்ளைகள் என்று கிளம்பினால் சித்தூர்–திருப்பதி செலவு பாதிக்கு மேல் குறையும். முகவரி தெரியும் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். வேலூர் அத்தைக்கு இது பொருந்தாது. அதற்கும் ஒரு தரம் முறைத்தார்.

இப்போதே செய்ய வேண்டியவை இரண்டு. நீங்கள் போகிற வருடத்தின் வைகுண்ட ஏகாதசி எந்தத் தேதி என்று பஞ்சாங்கத்தில் பார்த்து, அதை ஒட்டிய பத்து நாளில் திருப்பதி பேருந்து நிலையம், ரயில் நிலையப் பக்கம் போகாதபடி வழியை வகுத்துக்கொள்ளுங்கள். சித்தூர்ச் சாலையிலிருந்து சந்திரகிரிக்கும் பூங்காவுக்கும் ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். அப்புறம், வீட்டுப் பெரியவரிடம் மலைக்கு வேறொரு தேதியைச் சொல்லி, அதற்கு இப்போதே டிக்கெட்டும் எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். வெறும் வாக்குறுதியை எங்கள் அத்தை ஏற்கமாட்டார். உங்கள் அத்தையும் அப்படித்தான் இருப்பார்.