மனைவியின் விசாவுக்கு யாருடைய இமெயில்?

வெளிநாட்டிலிருந்து மருமகளாக வந்தவர்கள் நம் ஊரில் குறைவில்லை. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று கடல் தாண்டிப் பெண் எடுப்பதும் கொடுப்பதும் தமிழ்நாட்டில் பழைய பழக்கம். வேலைக்காக வெளிநாடு போய், அங்கே பிடித்தவரைத் திருமணம் செய்து அழைத்து வருபவர்களும் இருக்கிறார்கள். இப்படி வந்தவர் இந்தியக் குடிமகனின் மனைவியாகவே இருந்தாலும், வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் வரை சட்டப்படி வெளிநாட்டவர்தான். தங்கும் அனுமதியைக் காலம் முடியும் முன் புதுப்பித்தே ஆக வேண்டும். இந்த வேலை இன்று கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இந்த விண்ணப்பத்தில் கொடுக்கும் இமெயில் முகவரி, பாஸ்வேர்ட், மொபைல் எண் மூன்றும் விண்ணப்பிக்கும் அந்தப் பெண்ணுடையதாகவே இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரருடையதாக இருக்கக் கூடாது. ஏஜென்ட்டுடையதாக இருக்கக் கூடாது. கணவருடையதாகவும் இருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்குச் சிலர் முகம் சுளிக்கலாம். காரணத்தைப் படித்துவிட்டுச் சுளியுங்கள்.

முன்பெல்லாம் இதற்குச் சென்னை நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் உள்ள சாஸ்திரி பவன் அலுவலகத்துக்குக் கட்டுக் கட்டாகக் காகிதங்களுடன் போக வேண்டும். வெளி மாவட்டம் என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். 2018 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகம் இ-எப்.ஆர்.ஆர்.ஓ. என்ற ஆன்லைன் முறையை அறிமுகப்படுத்தியது. வெளிநாட்டவர் பதிவு, விசா நீட்டிப்பு, விசா மாற்றம், முகவரி மாற்றம், நாட்டை விட்டுச் செல்ல அனுமதி எல்லாவற்றுக்கும் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அலுவலகத்திலிருந்து அழைத்தால் மட்டும் நேரில் போனால் போதும். நல்ல ஏற்பாடு என்றே நான் சொல்வேன். கைக்குழந்தையுடன் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறியவர்களைக் கேட்டால் அவர்களும் அதையேதான் சொல்வார்கள்.

ஆனால் அலுவலகம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்றால் அதன் கதவு எங்கே இருக்கிறது? இமெயில் இன்பாக்ஸில் இருக்கிறது. யூசர் ஐ.டி. உருவாக்கும்போது இமெயில் முகவரி கேட்கப்படுகிறது. விண்ணப்பத்தில் ஏதாவது குறை என்றாலோ, கூடுதல் ஆவணம் தேவை என்றாலோ அந்தத் தகவல் அங்கேதான் வரும். அனுமதி கிடைத்தாலும் அங்கேதான் வரும். இன்பாக்ஸைத் திறக்க முடியாதவருக்கு அலுவலகம் பூட்டிக் கிடப்பது போலத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் கொடுத்தார்கள். கடைக்காரர் நல்லவர்தான். அவரே ஒரு புது இமெயில் முகவரி உருவாக்கி, தன் மொபைல் எண்ணைக் கொடுத்து, பாஸ்வேர்டைத் தன் நோட்டில் எழுதி வைத்து, எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். ஒரு பிரிண்ட் அவுட்டும் தந்தார். முகவரி ஆதாரம் தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்பவும் என்று மெயில் வந்தது. யார் பார்ப்பார்கள்? ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் விசாரிக்கப் போனபோது கடை வேறு இடத்துக்கு மாறியிருந்தது. நோட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் விசா முடிய ஒன்பது நாள்தான் மீதம் இருந்தது. அந்த ஒரு மாதம் அந்த வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

பயப்படக் காரணம் இருக்கிறது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. விசா காலம் முடிந்த பிறகும் தங்கினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது இச்சட்டம். எல்லாருக்கும் இந்த அளவுக்குப் போய்விடாது. ஆனாலும் காலம் முடிந்த விசாவுடன் ஏர்போர்ட்டுக்குப் போனால் தனி அனுமதி இல்லாமல் விமானம் ஏற முடியாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கோலாலம்பூரிலிருந்து போன் வரும் நாளில் இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, பிரவுசிங் சென்டர் வேண்டாம். வீட்டில் இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறது. கணவரின் இமெயில் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் என்ன? பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

இந்த அனுமதியில் ஏற்கெனவே எல்லாமே கணவரைச் சார்ந்து இருக்கிறது. திருமணச் சான்றிதழ் வேண்டும், கணவரின் இந்தியக் குடியுரிமைக்கான ஆதாரம் வேண்டும், அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் பெரும்பாலும் அவர் பெயரிலோ மாமனார் பெயரிலோதான் இருக்கும். ஒரு பெண் இந்த நாட்டில் இருப்பதற்கான உரிமையின் அத்தனை காகிதமும் இன்னொருவர் கையில். கடைசியில் அந்த அனுமதி வந்து சேரும் பெட்டியின் சாவியையும் அவரிடமே கொடுக்க வேண்டுமா? நல்ல குடும்பங்களிலும் மனஸ்தாபம் வரும். கணவர் வேலை விஷயமாக வெளியூர் போவார். உடல்நலம் கெட்டு ஆஸ்பத்திரியில் இருப்பார். அப்போது மனைவிக்குத் தன் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். "அவரைத்தான் கேட்கணும்" என்ற பதில் இங்கே உதவாது.

என் மனைவியும் மலேசியக் குடிமகள்தான். எங்கள் வீட்டில் அவருடைய விண்ணப்பத்தில் எனக்கு இருந்த வேலை மூன்று: கையெழுத்து போட்டேன், என் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்தேன், ஸ்கேனரைத் துடைத்து வைத்தேன். டைப் செய்தது, அனுப்பியது, மெயில் பார்ப்பது எல்லாம் அவர்தான். சாப்ட்வேர் என்ஜினியர் வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் செய்யக் கூடாதா என்று என் அம்மாகூடக் கேட்டார். இதில் சாப்ட்வேர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. படிவத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

சொந்த இமெயில் வைத்திருப்பவர்களும் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த இமெயில் கணக்கை மீட்பதற்காகக் கொடுத்திருக்கும் மொபைல் எண். பலர் திருமணத்துக்கு முன் உருவாக்கிய இமெயிலையே வைத்திருப்பார்கள். அதில் மலேசிய ப்ரீபெய்ட் எண் இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் சில மாதங்களில் செத்துவிடும். பாஸ்வேர்ட் மறந்து போனால் ஓ.டி.பி. அந்தச் செத்த எண்ணுக்குப் போகும். இந்திய எண் வாங்கியவுடன் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் அதை மாற்றி விடுங்கள். இரண்டாவது, விசாவுக்கென்றே ஒரு இமெயில் உருவாக்கி, வேலை முடிந்ததும் அதை மறந்து விடுவது. 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகுள் நிறுவனம் 2023 டிசம்பரில் தொடங்கியது. அடுத்த புதுப்பிப்புக்குள் கணக்கே காணாமல் போய்விடலாம். தினமும் பார்க்கும் இமெயிலைக் கொடுப்பதுதான் நல்லது.

இனி பெயர் விவகாரம். நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மலேசியத் தமிழ்ப் பெண்களின் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/பி' என்று இருக்கும். 'அனாக் பெரம்புவான்', அதாவது மகள் என்பதன் சுருக்கம். ஆண்களுக்கு 'ஏ/எல்'. நம் படிவங்களோ சர்நேம், கிவன் நேம் என்று இரண்டு கட்டங்கள் வைத்துக் கேட்கின்றன. தமிழர்களுக்கு சர்நேம் ஏது? ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் கணவர் பெயரைப் போடுவார், ஒருவர் 'ஏ/பி'யையே விட்டுவிடுவார். விசாவில் ஒரு மாதிரி, திருமணச் சான்றிதழில் வேறு மாதிரி, விண்ணப்பத்தில் மூன்றாவது மாதிரி என்றால் சரிபார்ப்பவர் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

பாஸ்போர்ட்டில் போட்டோ உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். கம்ப்யூட்டர் படிப்பதற்கான வரிகள் அவை. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், இடதுபக்கம் பார்க்கும் அம்பு போன்ற ஒரு குறி, இவை தவிர வேறு எதுவும் வரக் கூடாது என்பது உலகப் பொது விதி. அதனால் 'ஏ/பி'யில் உள்ள சாய்கோடு அங்கே இருக்காது. மேலே அச்சான பெயரையும் கீழே உள்ள இந்த வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு ஏற்கெனவே கையில் உள்ள விசாவில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே போல ஒரு எழுத்து மாறாமல் டைப் செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயருக்கு இங்கே வேலை இல்லை. மலேசியாவில் பதிவான திருமணம் என்றால் சான்றிதழ் மலாய் மொழியில் இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வைத்துக் கொள்ளுங்கள். இங்கே நடந்த திருமணம் என்றால், தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவு செய்யாமல் இருப்பவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள்.

ஸ்கேன் பற்றிக் கொஞ்சம். பைல் அளவு பெரிதாக இருக்கிறது என்று அப்லோட் ஆகாமல் திரும்பி வருவது வழக்கமான தொல்லை. ஏ4 தாள் ஒன்றைக் கலரில் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் சுருக்கப்படாத நிலையில் சுமார் 100 எம்.பி. வரும். அதையே 200 டி.பி.ஐ.யில் வைத்தால் 12 எம்.பி.க்குள் அடங்கும். பிறகு பி.டி.எப். ஆக சேவ் செய்யும்போது இன்னும் பல மடங்கு குறையும். எழுத்துகள் நன்றாகவே படிக்கும்படி இருக்கும். படிவத்தில் எந்த அளவு கேட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். பிரவுசிங் சென்டரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும் என்றால் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, அங்குள்ள கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் போல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் இருப்பதை அழித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். உங்கள் மனைவியின் பாஸ்போர்ட் அடுத்து வரும் பிளஸ் டூ பையனுக்குத் தேவையில்லை.

வெப்சைட் முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அரசு வெப்சைட் போலவே தோற்றம் காட்டி, சர்வீஸ் சார்ஜ் என்று கார்டு நம்பர் கேட்கும் போலிகள் உண்டு. தேடியவுடன் முதலில் வரும் விளம்பரத்தை கிளிக் செய்ய வேண்டாம்.

அரசிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. விண்ணப்பித்தவர், அவர் விரும்பினால் இன்னொருவர் என இரண்டு இமெயில்களுக்குத் தகவல் அனுப்பும் வசதி கட்டாயம் வேண்டும். அடுத்தது, உதவிக் குறிப்புகளாவது மாநில மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாத மாமியார் வீட்டில் மருமகள் மட்டும் தனியாக மல்லாட வேண்டியிருக்கிறது.

பதிவு செய்த திருமணம் தொடர்ந்து 2 ஆண்டுகள் நிலைத்திருந்தால் ஓ.சி.ஐ. கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமைத் தொடர்பு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த வாய்ப்பு இல்லை. அது கிடைத்துவிட்டால் அடிக்கடி புதுப்பிக்கும் வேலை இல்லை. குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் 7 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். ஆனால் மணமுறிவு ஏற்பட்டால், கணவர் வழியாகப் பெற்ற ஓ.சி.ஐ. கார்டை ரத்து செய்யலாம் என்கிறது குடியுரிமைச் சட்டம். அந்தக் கார்டுக்கான விண்ணப்பமும் ஆன்லைனில்தான். அங்கேயும் ஒரு கட்டத்தில் இமெயில் முகவரி கேட்பார்கள். கீபோர்டை மனைவி பக்கம் நகர்த்தி வையுங்கள்.